கிலோமீட்டருக்கு ஒரு ரிங்கிட்

மாரத்தான் 42.195 கிலோமீட்டர். கெடாவின் மெர்கோங்கில் புறப்பட்டுத் தெற்கே ஓடினால் குரூண் நகரையும் தாண்டிவிடலாம். கனடா இளைஞர் டெரி ஃபாக்ஸ் புற்றுநோய்க்கு வலக்காலைப் பறிகொடுத்தவர். 1980-இல் செயற்கைக் காலோடு ஏறத்தாழ அவ்வளவு தூரத்தை அன்றாடம் ஓடினார்! 143 நாளில் 5,373 கிலோமீட்டர். நோய் நுரையீரலுக்குப் பரவியதால்தான் நின்றார். மறு ஆண்டு 22 வயதில் காலமானார். நாட்டு மக்களிடம் அவர் கேட்டது ஆளுக்கு ஒரு டாலர்.

அவர் திரட்டியது ஆராய்ச்சிக்கு. அது நாளைய நோயாளிக்கு உதவும். இன்று கட்டிலில் கிடக்கும் அப்பாவுக்கு வலி அடங்கினால் போதும், ராத்திரி தூங்கினால் போதும். அந்த வேலையைச் செய்வது ஹாஸ்பிஸ். 1991-இல் தொடங்கிய ஹாஸ்பிஸ் மலேசியா, கிள்ளான் பள்ளத்தாக்கில் வீடு தேடிச் சென்று நோயாளிகளைக் கட்டணமின்றிக் கவனிக்கிறது. மருந்து, தாதியர் சம்பளம், காருக்குப் பெட்ரோல் என்று செலவு ஓயாது. நன்கொடை இல்லாமல் நடக்காது.

இப்படியொரு சேவைக்காக ஓடப்போகும் பிள்ளை உங்கள் வீட்டு வாசலில் நன்கொடை அட்டையை நீட்டினால், “வெயிலில் இதெல்லாம் எதற்கு?” என்று கேட்காதீர்கள். கிலோமீட்டருக்கு ஒரு ரிங்கிட், மொத்தம் 42 என்று எழுதிக் கொடுங்கள்.