தியோக்னேத்துவுக்கு எழுதிய மடல்

தியோக்னேத்து என்பவருக்குக் கிரேக்கத்தில் எழுதப்பட்ட இம்மடல் கி.பி. 2ஆம் நூற்றாண்டைச் சேர்ந்ததாகப் பொதுவாகக் கருதப்படுகிறது. ஆசிரியர் யாரெனத் தெரியவில்லை. எஞ்சியிருந்த ஒரே கையெழுத்துச் சுவடி, 1870ஆம் ஆண்டுப் போரில் ஸ்திராஸ்பூர்க் நூலகம் எரிந்தபோது அழிந்தது. 1592இல் ஆன்றி எத்தியேன் வெளியிட்ட அச்சுப் பதிப்பும், அழிவுக்கு முன் எடுக்கப்பட்ட படிகளுமே இன்று மூலபாடத்துக்கு ஆதாரம்.

12 அதிகாரங்களுள் கடைசி இரண்டின் நடை மாறுபடுவதால், அவை வேறொரு நூலின் பகுதி என்பர் அறிஞர் பலர்.

கிறிஸ்தவர் உலகில் எவ்வாறு வாழ்கின்றனர் என்பதை 5, 6ஆம் அதிகாரங்கள் விளக்குகின்றன. மொழியாலோ நாட்டாலோ அவர்கள் பிறரிடமிருந்து வேறுபட்டவர் அல்லர். உடலுக்கு உயிர் எப்படியோ, உலகுக்கு அவர்கள் அப்படி. 5ஆம் அதிகாரம் முரண்பட்ட நிலைகளைச் சிறுசிறு தொடர்களாக எதிரெதிரே நிறுத்துகிறது. இந்த அடுக்கின் வேகம் கிரேக்க மூலத்தில்தான் முழுமையாகப் புலப்படும். உலகை விட்டு விலகாமலே அதற்கு அடிமையாகாமல் வாழ முடியும் என்பதே இவ்விரு அதிகாரங்களின் கருத்து.