கையெழுத்தை நம்பிய காலம்

ராபர்ட் மோரிஸ் பிலடெல்பியா வணிகர். அமெரிக்க விடுதலைப் பிரகடனத்தில் கையெழுத்திட்டவர். 1781-இல், விடுதலைப் போரின் நடுவே அரசின் கஜானா காலியாகக் கிடந்தபோது நிதிப் பொறுப்பேற்ற அவர், தம் சொந்தப் பெயரில் எழுதிக் கொடுத்த சீட்டுகள் பணமாகவே புழங்கின. அரசை நம்பாதவர்கள் அவரை நம்பினார்கள். அதே துணிச்சலில்தான் பின்னாளில் லட்சக்கணக்கான ஏக்கர் நிலத்தைக் கடன் பத்திரம் எழுதியே வாங்கிக் குவித்தார். 1798-இல் கடனாளிகள் சிறைக்குப் போனார். நாட்டைக் காத்தவரை நாடு கைவிட்டது என்பார்கள். சரியல்ல: அவரை முறித்தது போர்ச் செலவு அல்ல, நில வியாபாரம். (போர்க்காலத்தில் லாபமும் பார்த்தவர்தான்.) பேராசை என்று மட்டும் சொல்வதும் அரைகுறைத் தீர்ப்பே, கையில் இல்லாத பணத்துக்குக் கையெழுத்திடும் துணிவு இரண்டு முறையும் ஒன்றுதான். 1800-இல் வந்த திவால் சட்டமே மறு ஆண்டு அவரை வெளியே விட்டது.