யார் நிறுத்தச் சொல்வது?

1980-இல் குத்துச்சண்டை வீரர் முகமது அலி சென்னைக்கு வந்தபோது, நேரு ஸ்டேடியத்தில் ஜிம்மி எல்லிஸுடன் அவர் ஆடிய காட்சிப் போட்டியைப் பார்க்கக் கூட்டம் அலைமோதியது. அப்போது அவர் ஓய்வை அறிவித்துவிட்டிருந்தார். அதோடு நின்றிருக்கலாம். ஆனால் அதே ஆண்டு அக்டோபரில் லாரி ஹோம்ஸை எதிர்த்து மறுபடி வளையத்துக்குள் இறங்கினார். பத்துச் சுற்றுகள் அடி வாங்கினார். பயிற்சியாளர் ஏஞ்சலோ டண்டீதான், போதும் என்று ஆட்டத்தை நிறுத்தினார். அலி அப்போதும் கேட்கவில்லை. 1981 டிசம்பரில் டிரெவர் பெர்பிக்கிடம் தோற்ற பிறகே விட்டார். 1984-இல் பார்க்கின்சன் நோய் உறுதியானது. அந்த அடிகள்தான் காரணமா என்பதில் மருத்துவர்களிடையே ஒருமித்த கருத்து இல்லை. என்றாலும் டண்டீ அன்று செய்ததை நான் பெரிதாக மதிக்கிறேன். வெற்றி தேடித் தருவதைவிட அது கடினமான வேலை.

உடம்பை முதலாகப் போட்டுப் பிழைக்கிறவர்கள் மரக்காணம் உப்பளங்களிலும் இருக்கிறார்கள். வெறுங்காலோடு உப்புநீரில் நின்று, கண் கூசும் வெள்ளையில் உப்பு வாரும் பெண்களிடம், 'போதும், இன்று ஏறி வா' என்று சொல்ல ஆளில்லை. ஒரு நாள் ஏறினால் அன்றைய கூலி போய்விடும். பாத்திக்குப் பக்கத்தில் நிழல், காலுக்கு ரப்பர் பூட்ஸ், ஆண்டுதோறும் கண் பரிசோதனை, முதுமையில் ஓய்வூதியம்: இவை சலுகைகள் அல்ல, அவர்களுக்குச் சேர வேண்டியவை.