சிரிச்சா என்ன தப்பு?

பி.காம். முதல் வருஷம். அயோத்தியாப்பட்டணத்திலிருந்து டவுன் பஸ் பிடித்து சேலத்தில் ஒரு கல்லூரிக்குப் போய்க்கொண்டிருந்த தமிழ் மீடியம் பையன் நான். மெஷின் தேயத் தேய மதிப்பு குறைகிறதே, அதற்கு ஆங்கிலத்தில் என்ன பெயர் என்று கேட்டார் பேராசிரியர். 'டிப்ரிசியேஷன்' என்று சொல்லியிருக்க வேண்டும். எழுந்து நின்று 'டிப்ரெஷன்' என்றேன். வகுப்பே சிரித்தது. பேராசிரியரும்தான்.

அந்த வருஷம் முழுக்க நான் வாயைத் திறக்கவில்லை. பதில் தெரியும், ஆனால், வயிற்றைப் பிசையும்.

இதற்கு 'மக்கு' என்று சுலபமாகப் பெயர் வைத்துவிடுகிறோம். 1986-ல் அமெரிக்காவில் எலெய்ன் ஹார்விட்ஸும் சக ஆய்வாளர்களும், மொழி வகுப்பில் வரும் இந்தப் பதற்றத்தை அளக்க 33 வாக்கியங்கள் கொண்ட ஒரு பட்டியலே தயாரித்தார்கள். 'பேசினால் மற்றவர்கள் சிரிப்பார்களோ' என்ற பயமும் அதில் உண்டு. மொழியியல் அறிஞர் ஸ்டீஃபன் க்ராஷன் இந்தப் பயத்தை வடிகட்டி என்றார். காபி ஃபில்டர் அடைத்துக்கொண்டால், எவ்வளவு வெந்நீர் ஊற்றினாலும் டிகாஷன் இறங்குமா? பயந்த மனசில் பாடமும் அப்படித்தான்.

பயம் பெஞ்சில் மட்டுமா இருக்கிறது? 2012-13 முதல் நம் அரசுப் பள்ளிகளில் ஆங்கில வழிப் பிரிவுகள் பெருகின. தமிழிலேயே படித்து வந்த ஆசிரியர்கள் பலர் ஆங்கிலத்தில் பாடம் எடுக்க வேண்டி வந்தது. "பசங்க முன்னாடி தப்பு வந்துடுமோன்னு நெஞ்சு படபடங்குதுங்க" என்றார் எனக்குத் தெரிந்த ஒரு டீச்சர். அதனால் புத்தகத்தை விட்டுத் தலையே நிமிர மாட்டாராம். டீச்சரே பயந்தால், பிள்ளை எப்படி தைரியமாகக் கேள்வி கேட்கும்?

'கிண்டல் சகஜம்தானே சார்' என்பீர்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். அதே வகுப்பில் இன்னொரு பையன் 'ரிசீட்' என்பதை எழுத்துக்கூட்டி 'ரிசிப்ட்' என்றான். எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தது யார்? நான்தான்! நாம் பட்ட அவமானத்தை அடுத்தவன் தலையில் இறக்கி வைக்கிற புத்தி. சில வாரத்தில் அவன் படிப்பை விட்டு வெள்ளிப் பட்டறை வேலைக்குப் போய்விட்டான். வீட்டுக் கஷ்டமும் இருந்திருக்கும். ஆனாலும், அந்தக் கணக்கில் என் பங்கு இல்லை என்று எழுத எனக்கு மனசு வரவில்லை.

தப்பைத் திருத்த வேண்டாமா? கட்டாயம் திருத்த வேண்டும். சிரிப்பு எதையும் திருத்துவதில்லை. வாயை மட்டும் மூடுகிறது.

போன வாரம் அக்கா மகள் ஆங்கிலப் பேப்பரை உரக்கப் படித்தாள். 'ஐலேண்ட்' வந்த இடத்தில் 'இஸ்லேண்ட்' என்றாள். எனக்குச் சிரிப்பு முட்டியது. அடக்கிக்கொண்டேன்.

"தப்பா மாமா?"

"நானும் அப்படித்தான் படிச்சேன் கண்ணு. ஐலேண்ட். அந்த எஸ் சும்மா நிக்குது. நீ மேல படி."

படித்தாள், முன்னைவிடச் சத்தமாக.