மேடைக்கு யாரை அழைக்கிறோம்?

நம் ஊர்களில் கருத்தரங்க அழைப்பிதழ்களைக் காண்கிறோம். தலைமை, சிறப்புரை, ஆய்வுரை எனப் பெரும்பாலும் ஆண்களின் பெயர்கள். வரவேற்பு நடனமும் நன்றியுரையும் பெண்களுக்கு. வினவினால், "தகுதியானவர் கிடைக்கவில்லை" என்கிறோம். தேடினோமா?

1886இல் புதுக்கோட்டையில் பிறந்த முத்துலட்சுமி, ஆண்களே பயின்ற மன்னர் கல்லூரியில் சேர விழைந்தபோது எதிர்ப்பு எழுந்தது. மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் இடமளித்தார். அம்மாணவியே மருத்துவராகி, 1927இல் சென்னைச் சட்டமன்ற மேலவையின் துணைத்தலைவரானார். அறிவும் ஆர்வமும் முன்பே இருந்தன, கதவுதான் அடைத்திருந்தது. 1990களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கம் இம்மாவட்டத்தில் பரவியபோது, எழுத்து கற்பித்தவர்களிலும் பெண்கள் பலர். ஊரார்க்குக் கற்பித்தவர்க்கு அரங்கில் பேசத் தெரியாதா?

நம் திருச்சபையும் மெல்லவே கற்றது. இரண்டாம் வத்திக்கான் சங்கத்திற்கு 1964இல் பெண்கள் அழைக்கப்பட்டார்கள், ஆனால் கேட்போராக. ஆயர் மாமன்றத்தில் அவர்கள் முதன்முறையாக வாக்களித்தது 2023இல்தான்.

பெண்களைத் தேடி அழைப்பது சலுகையாகாதா எனச் சிலர் கேட்பர். அறிந்தவரையே மீண்டும் மீண்டும் அழைப்பதன்றோ சலுகை! ஆகவே, தலைப்புக்கு வேண்டிய தகுதியை முதலில் வரையறுப்போம். அன்பியந்தோறும் பெயர்கள் கேட்போம். அவற்றை அத்தகுதி கொண்டே எடைபோடுவோம். கடைசிப் பேருந்துக்கு முன் கூட்டத்தை முடிப்போம். மறுப்பவரிடம் காரணம் கேட்டு, தடையை நீக்குவோம்.

அழைப்பிதழ் அச்சேறுமுன் நம்மை நாமே வினவுவோம்: யாரை நாம் தேடவே இல்லை?