நிறம் எவரிடத்தது?

கோரிப்பாளையத்தை ஒட்டிய வைகைக் கரையில், விளக்கேற்றும் முன் அந்திப்பொழுதில் நின்று நோக்குக. செந்நிற ஆடை முதலில் கருத்துவிடும்; பச்சிலையோ சற்று நேரம் ஒளி குன்றாது தோன்றும். ஆடை மாறவில்லை, கண்ணின் நிலையே மாறியது. மங்கிய ஒளியில் கண்ணிலுள்ள கூம்பு உயிரணுக்கள் ஓய, செவ்வொளியை மிகக் குறைவாகவே உணரும் கோல் உயிரணுக்கள் பணியேற்கின்றன. புர்கின்யே என்னும் அறிஞர் 1825-ஆம் ஆண்டில் இந்நிகழ்வை எழுதி வைத்தார். ஆகவே நிறம் பொருளில் மட்டும் இல்லை, காண்பவரிடத்தும் உள்ளது.

தமிழில் ‘நிறம்’ என்னும் சொல்லுக்கு இயல்பு என்றும் பொருளுண்டு. ‘செம்மை’ சிவப்பையும் நேர்மையையும் குறிக்கும். புறத்தோற்றமும் குணமும் ஒரே சொல்லில் தங்குவதால், ஒன்றைக் கண்டு மற்றதைத் தீர்மானிக்கும் பிழை எளிதில் நேர்கிறது.

சமண நூல்கள் இவ்விரண்டையும் பிரித்துக் காட்டுகின்றன. உடலின் நிறம் திரவிய இலேசியை. உள்ளத்தின் நிறம் பாவ இலேசியை. கனிக்காக மரத்தையே வேரோடு வீழ்த்த எண்ணுபவன் கரிய இலேசியை உடையவன். உதிர்ந்த கனியே போதும் என்பவன் வெண்மையன். அவர்தம் மேனி நிறம் அக்கதையில் பேசப்படுவதே இல்லை.

வரன் பார்க்கும் இல்லங்களில் ‘பெண் நிறம் குறைவு’ என்று சொல்லுங்கால், அம்மகளின் இயல்பை நாம் உரைக்கவில்லை. நம் உள்ளத்தின் நிறத்தையே உரைக்கின்றோம். அது எந்நிறம் என்று ஒவ்வொருவரும் எண்ணிப் பார்த்தல் நன்று.