நெருப்பு வைக்காதவர்

“நான் ஒருநாளும் நெருப்பு வச்சதில்ல” என்றார் அப்பா. நான் அப்படிக் கேட்கவே இல்லை. ராஜா மூசா காட்டில் மரக்கன்று நடப் போகிறேன், அங்கே அடிக்கடி தீப்பிடிக்கிறதாம் என்றுதான் சொன்னேன்.

இப்போது சுங்கை சோவில் தாமான் வீட்டில் இருக்கிறோம். அதற்கு முன் பத்தாங் பெர்ஜுந்தை பக்கம், இன்றைய பெஸ்தாரி ஜெயா, சதுப்புக் காட்டை ஒட்டிய ஒரு செம்பனைத் தோட்டம். அங்கே அப்பா இருபது வருஷத்துக்கு மேல் காண் வெட்டினார்.

வட சிலாங்கூர் கரிச்சதுப்புக் காடு 70,000 ஹெக்டருக்கும் மேல். ராஜா மூசா அதில் ஒரு பகுதி. அங்கே இருப்பதை மண் என்று சொல்வதே பிழை. இலையும் வேரும் மரமும் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக நீருக்குள் பாதி மக்கிக் கிடக்கின்றன. நீர் நிற்கும்வரை அது எரியாது. 1990இல் வனக்காப்பகம் ஆவதற்கு முன் பல பத்தாண்டுகள் அங்கே வெட்டுமரம் எடுத்தார்கள். அதை வெளியே கொண்டுவரக் கால்வாய் தோண்டினார்கள். வெட்டியவர்கள் போய்விட்டார்கள். கால்வாய்கள் மட்டும் இரவு பகலாக நீரை இறக்கிக்கொண்டே இருந்தன. ஓரங்களில் தோட்டத்துக் காண்களும் அதே வேலையைச் செய்தன. காய்ந்த பிறகு ஒரு சிகரெட் துண்டு போதும். தீ தரைக்குக் கீழே போய்விடும். மேலே தீயணைப்பு வீரர்கள் தண்ணீர் அடிக்க, அது வாரக்கணக்கில் அடியில் நகர்ந்துகொண்டிருக்கும்.

2005 ஆகஸ்டில் கோலசிலாங்கூரிலும் போர்ட் கிள்ளானிலும் புகைமூட்டத்துக்காக அவசரநிலை அறிவித்தார்களே, அப்போது எல்லாரும் சுமத்ராவைத்தான் திட்டினோம். பெரும்பாலும் சரிதான். ஆனால் பக்கத்துக் காட்டிலும் எரியக் காத்திருந்த நிலம் இருந்தது.

தீ என்றதும் யார் கொளுத்தியது என்றே தேடுகிறோம். சட்டமும் அந்தக் கையைத்தான் பிடிக்கும். காயவைத்த கைகளை யார் எண்ணுவது? மனுநீதிச் சோழன் கதையில் இளவரசன் வேண்டுமென்று கன்றைக் கொல்லவில்லை. இருந்தாலும் தேர் அவனுடையது, பழி அவனைச் சேர்ந்தது. அந்தக் கதையில் குதிரையை யாரும் விசாரிக்கவில்லை. என் அப்பா குதிரை. நாள் சம்பளத்துக்கு, மண்டோர் குச்சி நட்டுக் காட்டிய இடத்தில் வெட்டினார். நீர் எங்கே போகும் என்று கேட்கும் உரிமையோ, ஒரு அடி நிலமோ அவருக்கு இல்லை.

நான் இப்படித்தான் நியாயம் பேசிக்கொண்டிருந்தேன். பேசப் பேச அது அப்பாவை அவமதிப்பதாகவும் பட்டது. தன் காண் கயிறு பிடித்த மாதிரி நேராக இருக்கும் என்று இன்றைக்கும் பெருமையாகச் சொல்பவர் அவர். அந்தப் பெருமை அவருடையது என்றால் அதன் விளைவில் ஒரு துளியாவது அவருடையதில்லையா? குற்றம் என்று சொல்ல மாட்டேன். ‘இதில் என் கையும் இருந்தது’ என்ற தொடர்பு, அவ்வளவுதான்.

2008 முதல் வனத்துறையும் உலகச் சுற்றுச்சூழல் மையமும் அந்தக் கால்வாய்களை அடைத்து வருகின்றன. 2012இல் சுற்றுவட்டாரக் கம்பத்து மக்கள் சேர்ந்து வட சிலாங்கூர் கரிச்சதுப்புக் காட்டின் நண்பர்கள் என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். வீட்டுப் பின்புறம் மாஹாங் கன்று வளர்க்கிறார்கள், வறண்ட மாதங்களில் காட்டோரம் சுற்றி வருகிறார்கள். கன்றுகளை விலைக்கு எடுத்துக்கொள்கிறார்கள் என்பதைச் சிலர் குறையாகச் சொல்வதுண்டு. காசு வாங்கிக் காயவைத்த நாட்டில் காசு வாங்கி நனைப்பது எப்படிக் குறையாகும்? அந்தச் சதுப்பின் நீர்தான் தெங்கி ஆறு வழியாக தஞ்சோங் காராங் வயல்களுக்குப் போகிறது.

நட்டுவிட்டு வந்த அன்று மாலை அப்பாவிடம் கைபேசியில் படங்களைக் காட்டினேன். கன்றுகளைத் தள்ளிவிட்டு, கால்வாய்க்குக் குறுக்கே பலகை அடித்திருந்த படத்தில் நின்றார்.

“இது எத்தன அடி அகலம்?”

“தெரியலப்பா.”

“ரெண்டு பக்கமும் கரைக்குள்ள எவ்ளோ தூரம் விட்டிருக்காங்க?”

அதுவும் தெரியவில்லை.

“கம்பூட்டு மண்ணுடா. நடுவுல எவ்ளோ பலமா அடிச்சாலும் தண்ணி ஓரத்த அறுத்துக்கிட்டுப் போயிடும். கரைய நல்லா வெட்டி உள்ள எறக்கணும். அடுத்த தடவ போனா கேட்டுட்டு வா.”

பிறகு, தொலைக்காட்சியைப் பார்த்தபடியே, “இல்லன்னா என்னையும் கூட்டிட்டுப் போ” என்றார்.